பின்சக்கரத்துக்குப் போன டயர்

அந்த நாற்காலியில் கிரீஸ் இருக்கும் சார், இதில் உட்காருங்கள். விபத்து வண்டியைப் பரிசோதிக்க வந்த அதிகாரியை நிற்கவைத்துப் பேசினேன் என்று இருக்க வேண்டாம். தம்பி சாப்பிடப் போயிருக்கிறான். அவன் வருவதற்குள் முடித்துவிடலாம்.

டயரில் காற்று குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும். கூடினால் நடுவில் தேயும். இது பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்கிறவனுக்கே தெரியும். உள்பக்கம் மட்டும் மழமழவென்று போயிருந்தால்தான் எங்களைத் தேடி வருவார்கள். தம்பியும் அப்படித்தான் வந்தான், பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு. சொந்தமாகச் சரக்கு ஓட்டப் போகிறானாம். அதுவரை இந்தப் பட்டறையில் என் கூடவேதான் இருந்தான். அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான். தலை சீவிவிட்டதும் ஜுரத்தில் மடியில் போட்டுக்கொண்டதும் நான்.

"முன்னாடி எடப்பக்க டயர் மட்டும் உள்ள திங்குதுண்ணே. என்னன்னு பாரேன்."

"வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

அவன் மனைவி வண்டிக்குள் இருந்தபடியே சிரித்தாள். "கேட்டா விட்டிருப்பீங்களா மாமா? இன்னும் இவரைத் தொட்டில்ல போட்டு ஆட்டிக்கிட்டுல்ல இருப்பீங்க."

தம்பியும் சிரித்தான்.

அவள் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. கெட்டிக்காரப் பெண், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவன் சிரித்ததைத்தான் அப்புறம் நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தேன். சக்கரத்தைத் தாங்கி நிற்கிற பால் ஜாயின்ட் கிழவன் பல் மாதிரி ஆடியது. வேகமாகப் போகும்போது பள்ளத்தில் இறங்கினால் கழன்றுகொள்ளும். சக்கரம் மடங்கும், வண்டி இடப்பக்கம் போய் மோதும். ஓட்டுகிறவன் வலப்பக்கம் இருப்பான். அதை நான் நினைத்துப் பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை.

புது ஜாயின்ட் அலமாரியில் இருந்தது. எடுக்கவில்லை. தேய்ந்த டயரைப் பின்னால் போட்டு, பின்னால் இருந்த நல்ல டயரை முன்னால் மாட்டினேன். வேறு எந்தப் பட்டறைக்காரன் பார்த்தாலும் அந்த முன்சக்கரத்தின் மேல் சந்தேகம் வராது. தம்பி தொழில் தெரிந்தவன்தான். ஆனால் நான் பார்த்த சக்கரத்தை அவன் மறுபடி அசைத்துப் பார்த்ததே கிடையாது.

"அலைன்மென்ட் போயிருந்துச்சு. சரி பண்ணிட்டேன், பயப்படாம ஓட்டு" என்றேன்.

முதல் சவாரிக்கு அவன் தனியாகக் கிளம்புவதாகத்தான் இருந்தது. "நீயும் கூடப் போயிட்டு வாம்மா" என்று அவளிடம் சொன்னவன் நான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க எங்க மேல கோவமா இருக்கீங்கன்னுல்ல நெனச்சேன் மாமா" என்றாள். தம்பிக்குப் பெல்ட்டை நானே இழுத்து மாட்டிவிட்டேன். அவள் பக்கத்துப் பெல்ட்டில் கொக்கி இல்லை. அதையும் பார்த்தேன்.

பாலத்துக்கு முந்தின இறக்கத்தில் நடந்தது. மீதி உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் பின்சக்கரத்தருகே குனிந்து, உள்பக்கம் விரலை வைத்துப் பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. பின்னால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே தண்டு, சக்கரம் சாயாது. அங்கே ஓடுகிற டயர் அப்படித் தேய வழியில்லை. முன்னாலிருந்து வந்ததுதான். கழற்றி மாட்டியவன் முன்சக்கரத்தின் ஆட்டத்தைக் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. கவனித்தேன் சார். தெரிந்தேதான் அவளை ஏற்றி அனுப்பினேன்.

தம்பிக்குக் கை முறிந்தது, கூடிவிட்டது. பட்டறைக்குத் திரும்பிவிட்டான். வண்டி ஓட்டுவதில்லை. தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறான், அதனால் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன். "நான்தாண்ணே வேகமாப் போயிட்டேன், நான்தான் அவளக் கொன்னுட்டேன்" என்று அழுவான். இல்லையென்று நான் சொன்னதில்லை. முதுகைத் தடவிக்கொடுப்பேன், கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுவான்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவனிடம் மட்டும் சொல்ல வேண்டாம். பாவம், என்னை விட்டால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்.