ஷௌக்கியே சோதித்துப் பார்த்த ஞாயிறு

அவைத்தலைமை ஏற்றிருக்கும் நூலக முதல்வர் அவர்களே, அலையும் காற்றும் அறிந்த ஆன்றோர்களே, பிள்ளைகளைப் படகேற்றிப் படிக்க அனுப்பும் தாய்மார்களே, இணையதளம் காக்கும் தோழர்களே, அனைவருக்கும் வீப்ரெனின் வணக்கம்!

நம் தீவு நகராட்சியின் இணையதளத்தைப் பேணுபவர் ஷௌக்கியே. ஓதம் இறங்கிக் கடல் வற்றினால் படகு நேரம் மாறும். மாறிய நேரத்தை நாள்தோறும் அவரே தட்டச்சு செய்வார். அந்த வேலையைத் தானே செய்யும் ஸ்கிரிப்ட் மாட்யூல் என்னும் சிறு நிரல் ஒன்றை வாங்கினோம். வெள்ளிக்கிழமையே தளத்தில் ஏற்றச் சொன்னார் ஓர் அதிகாரி. யார் அந்த அவசரக்காரர்? சிரிக்கிறீர்களே, தெரிந்துவிட்டதா? நான்தான்!

ஷௌக்கியேயோ தளத்துக்கு ஒரு நகல் எடுத்து, மாட்யூலை முதலில் அதில் நிறுவினார். நகல் முழுவதும் வெள்ளைத்திரை! மாட்யூலின் பழைய பதிப்பு நம் தளத்தோடு ஒத்துப்போகவில்லை. பொருந்தும் பதிப்பைத் தேடிப் போட்டார், பக்கம் உயிர்பெற்றது. போதும் என்றேன். போதாது என்றார். ஆண்டின் ஒவ்வொரு தேதியையும் கொடுத்துச் சோதித்தார். சலித்தாரா? சளைத்தாரா? இல்லை!

மார்ச் கடைசி ஞாயிற்றில் மாட்டியது பிழை. கோடைக்கால நேரத்துக்காக நாடே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் நாளல்லவா? அந்த ஒரு மணியை ஸ்கிரிப்ட் இருமுறை கூட்டியிருந்தது. ஏழு மணிப் படகு எட்டு என்றது! அந்த ஞாயிறோ, இரண்டே நாளில்.

“ஒரு நாள்தானே, ஷௌக்கியே, அப்புறம் சரிபண்ணிக்கலாமே” என்றேன்.

“பக்கத்துல தப்பு இருந்தா நமக்கு ஒண்ணும் ஆகாது, வீப்ரென். அதை நம்பி வர்றவங்கதான் கரையில நிப்பாங்க.”

ஸ்கிரிப்டில் பிழையான வரியைத் திருத்தி, மறுபடி முழு ஆண்டையும் சோதித்து, சனிக்கிழமை நண்பகலில்தான் தளத்தில் ஏற்றினார்.

ஞாயிறு விடியலில், நம் வலைபின்னும் பௌக்கெவுக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு. அக்கரையில் அண்ணனுக்கு மூச்சு முட்டுகிறது. பௌக்கெ நம் பக்கத்தைப் பார்த்தார், ஏழு என்றது. ஓடினார், ஏறினார், ஒன்பதுக்கு முன்பே கட்டிலருகே நின்றார். பத்து மணிக்கு அண்ணன் கண்மூடினார். அடுத்த படகு எப்போது தெரியுமா? பதினொன்றுக்கு!

மறுவாரம் பௌக்கெ என்னிடம் சொன்னார்: “என்னைப் பாத்துட்டான். ‘வந்துட்டியா, தம்பி’ன்னான். அது போதும் எனக்கு.”

தோழர்களே, அந்த ஒரு சொல்லை ஒரு தம்பி கேட்க முடிந்ததே, அது யாரால்? சரியாக இருக்கும் என்று நம்பாமல், சரியாக இருக்கிறதா என்று பார்த்தவரால்! முன்வரிசையில் முகம் சிவந்து அமர்ந்திருக்கும் ஷௌக்கியே, அவசரப்படுத்தியவன் இந்த அவையறியத் தலைவணங்குகிறேன்.

பொறுமையோடு செவிமடுத்த பெருமக்களே, நன்றி! வணக்கம்!