பொறுக்காத மல்லாட்டை

எங்கள் வீட்டு மாடு கொஞ்சம் பிகு பண்ணும், சார். எதைப் போட்டாலும் முகர்ந்து பார்த்துத்தான் வாய் வைக்கும். அதனால் நனைந்த மல்லாட்டையை, நிலக்கடலையைத்தான் சொல்கிறேன், அது தள்ளிவிட்டதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திண்டிவனத்தில் எனக்குச் சத்துமாவு மில் இருப்பது உங்களுக்குத் தெரியும். நேற்று சீல் வைத்துப் பூட்டுப் போட்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரியே நீங்கள்தானே. புயல் மழையில் குடோன் ஒழுகி, மல்லாட்டை மூட்டையெல்லாம் பூசணம் பிடித்தது. கெட்டதைப் பொறுக்கிப் போடும் கோவிந்தம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பச்சையா பூத்துக்கினு கீது மொதலாளி. மாடே மூஞ்சத் திருப்பிக்கினு போவுது. இத்தப் போயி அரைக்கிறீங்களே."

அத்தனையும் பொறுக்கினால் பாதி குப்பைக்குத்தான் போகும். மாட்டிடம் யோசனை கேட்டா தொழில் நடத்துவது? ஒரே ஒரு முறம் நல்லதாகப் பொறுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

கேப்பையோடு சேர்த்து வறுத்து, ஏலக்காயைத் தூக்கலாகப் போட்டால் எந்த வாடையும் தெரியாது. பாக்கெட்டில் பச்சை எழுத்தில் 'இயற்கை' என்று போட்டால் போதும், படித்ததுகள் வரிசையில் நிற்கும். ஒரு செருப்பு வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற சனம், பிள்ளைக்கு ஊட்டுவதை ஒரு தரம் முகர்ந்து பார்க்காது.

விழுப்புரத்திலிருந்து பவுலின் வந்தாள். மகள் வெனிலாவுக்கு மூன்று வயது, எடை ஏறவில்லையாம்.

"பாப்பா எதுவுமே சாப்ட மாட்டேன்றா அங்கிள். இத நம்பிக் குடுக்கலாமா?"

"தைரியமா குடும்மா" என்றேன்.

சில வாரத்தில் போன் செய்தாள். வாந்தி, வயிறு உப்பல், கண்ணெல்லாம் மஞ்சள். "மாவை நிறுத்திடட்டுமா அங்கிள்?"

நிறுத்தி, பிள்ளை தேறிவிட்டால் என் மாவுக்குத்தானே கெட்ட பெயர்.

"நிறுத்தாதம்மா, இருக்கிற தெம்பும் போயிடும். இன்னொரு வேளை சேத்துக் குடு."

கொடுத்திருக்கிறாள். நன்றி வேறு சொன்னாள்.

முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தபோது குழந்தையின் ஈரல் முழுக்கக் கெட்டுப்போயிருந்தது. அடக்கத்துக்கு நானே மாலையோடு போனேன். பூசண விஷம் வறுத்தாலும் போகாது, ஈரலைத்தான் பிடிக்கும் என்று இப்போது எனக்குப் பாடம் எடுக்கிறீர்கள். மாட்டுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதா, சார்? தெரிந்துதான் விற்றேன்.

ஆனால் எழுதுவதைச் சரியாக எழுதுங்கள். நான் எதையும் கலக்கவில்லை. பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஒரு முறம் எதற்கு என்று கேட்டீர்கள். அது என் பேத்திக்குத் தனியாக அரைத்தது. சின்னக் குழந்தை, சார். கண்டதையும் கொடுக்க முடியுமா?