வலது மட்கார்டு

இந்த மாவட்டத்தில் இரும்பை இரும்பாகப் பார்க்கத் தெரிந்த ஒரே மனிதன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஊருக்கு ஒருவராவது அப்படி இருந்தாக வேண்டும். அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது.

நீங்கள் எல்லோரும் நல்லவர்கள். பழைய தோட்ட டிராக்டர் சங்கம் என்று வைத்துக்கொண்டு, கோடையில் உருளைக்கிழங்கு சாலட்டோடு கூடுகிறீர்கள். இடுப்பு உயரம்கூட இல்லாத வண்டிகளை டிரெய்லரிலிருந்து, தூங்குகிற குழந்தையை இறக்குவதுபோல இறக்குகிறீர்கள். வண்டியை 'அவள்' என்கிறீர்கள். ஒரு போல்ட் அந்த வருஷத்துப் போல்ட்தானா என்று இருட்டும்வரை வாதாடுகிறீர்கள். உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், இப்போது காப்பி ஊற்றிக்கொண்டிருக்கிறார், செத்துப்போன தன் அப்பா சீட்டுக்கு அடியில் ஒட்டிவைத்த சூயிங்கம் போய்விடுமே என்று கிழிந்த சீட்டை மாற்றாமல், அதன்மேல் பிளாஸ்டிக் பையைப் போட்டு உட்கார்ந்து ஓட்டுகிறார். அதைப் பற்றி எங்கள் கல்லூரிப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினேன். நல்ல வரவேற்பு.

ட்வேன் கேட்டுக்கொண்டதால் இங்கே வந்திருக்கிறேன். இன்று அவர் சங்கத்தின் செயலாளராக உட்கார்ந்திருக்கிறார். மற்ற நாட்களில் ஷெரிப்பின் துணை அதிகாரி. அந்த வேஷத்திலும் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து, ஷெட்டைச் சுற்றிப் பார்த்து, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"நெல்ஸ், வாங்கினதவிட நல்லாத்தான் திருப்பிக் குடுத்திருக்க. எந்தச் சட்டத்துலடா உன்னப் புடிக்கிறது?" என்றார்.

அவர் சொன்னது சரி. சட்டப்படி நான் ஒரு கிழவருக்கு இலவசமாகப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தவன். உங்களுக்குத்தான் அது வேறு மாதிரி படுகிறது. எனவே உங்களிடம் சொல்கிறேன்.

போன வருஷம் குளிர்காலம் முழுக்க அப்பா மருத்துவமனைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். மருந்து ஏற்றிக்கொண்டு வந்தால் அன்றைக்கு வாந்தி; மறுநாள் ஷெட். அவருடைய டன்னிங் கம்பெனி டிராக்டரை அக்கக்காகக் கழற்றி, துருவைச் சுரண்டி, பட்டி பார்த்து, அந்தக் கம்பெனியின் மஞ்சளை அடித்தார். முகமூடி போட்டுக்கொண்டு மூச்சுவிட முடியவில்லை என்று கழற்றிவிடுவார். அம்மா சத்தம் போடுவாள். சாகப்போகிறவனைப் பெயிண்ட் வாசனையா கொல்லப்போகிறது என்று அவர் சொல்ல, அம்மா கதவை அறைந்துவிட்டு உள்ளே போவாள். நான் கல்லூரியில் இருந்தேன். வார இறுதிகளில் வந்து, ஒரு வண்டிக்கு இவ்வளவு அலங்காரமா என்று கேலி செய்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போவேன்.

ஆகஸ்ட் கண்காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். வெர்லின் ஹாகஸ்டாட்தான் நடுவர். எப்போதுமே அவர்தான் நடுவர். அவர் எந்தக் கட்சி என்பதும் தெரிந்ததுதான். தொழிற்சாலையிலிருந்து வந்த பெயிண்ட் வெளுத்து, உரிந்து, தேய்ந்து அப்படியே இருக்க வேண்டும். அதற்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் 'வேலை உடுப்பு'. வேலை உடுப்பில் இருக்கிற வண்டிதான் யோக்கியமான வண்டி. புதிதாகப் பெயிண்ட் அடித்தது ஏதோ ஓடிப்போன பெண் மாதிரி. அவருடைய டன்னிங்கும் அப்பாவுடையதும் ஒரே வருஷம், ஒரே மாடல். அவருடையது மாவட்டத்திலேயே பேர்பெற்ற வேலை உடுப்பு.

அவர் அப்பாவின் வண்டியை ஒரு சுற்று சுற்றினார். பானெட்டில் நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன லைல், பொணத்துக்குப் பவுடர் போட்ட மாதிரி இருக்கு" என்றார்.

நீங்கள் சிரித்தீர்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அப்பா. சிரித்த வேகத்தில் தொப்பி நழுவி, முடியில்லாத தலை தெரிந்தது. அதை எடுத்து மாட்டிக்கொண்டு பிக்கப் வண்டியில் போய் உட்கார்ந்தவர், பரிசு அறிவிக்கும்வரை இறங்கவில்லை. வெயில் அதிகம் என்றார்.

அக்டோபரில் போய்விட்டார். சவப்பெட்டியைத் திறந்துவைத்திருந்த அறையில் வரிசையாக வந்தீர்கள். அப்பாவின் முகத்தில் சவ அடக்க நிலையத்துக்காரர்கள் ரோஜா நிறத்தில் ஏதோ பூசியிருந்தார்கள். வெர்லின் கைத்தடியோடு வந்து, குனிந்து, வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து என் தோளைத் தொட்டு, "நல்லா பண்ணிருக்காங்க" என்றார்.

எல்லோரும் சொல்வதுதான். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வேறென்ன சொல்ல முடியும். உங்களில் பாதிப் பேர் அதையேதான் சொன்னீர்கள். உங்கள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் சொன்னபோது, அங்கே மடக்கி அடுக்கியிருந்த நாற்காலிகளில் ஒன்றை எடுத்து அவர் முகத்தில் அடிக்க வேண்டும்போல இருந்தது. நான் அடிக்கவில்லை. நன்றி என்றேன். நான் பொதுவாக அமைதியானவன்.

அடுத்த மாதம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் அலுமினியத் தட்டில் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட பண்டம். இடுப்பில் அறுவை செய்யப்போகிறார்கள், அது முடிந்ததும் குளிர் போகும்வரை அரிசோனாவில் தங்கை வீட்டில் இருக்கப்போகிறார். நான் அந்தப் பருவம் கல்லூரிக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டாராம். வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பனி விழுந்தால் டன்னிங்கின் முன்னால் பனி தள்ளும் கருவியை மாட்டி வாசல் பாதையை ஒதுக்க வேண்டும்.

"வேற யார்கிட்டயும் குடுக்க மனசு வரல தம்பி. உங்கப்பன் கை உனக்கு இருக்கு" என்றார்.

சாவியைக் கொடுத்தார். தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், வண்டியின் முன் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னார்: சோக் எவ்வளவு இழுக்க வேண்டும், கிளட்ச் எங்கே பிடிக்கும், பனியில் ஓட்டிய பிறகு ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியால் எப்படித் துடைக்க வேண்டும். வலது மட்கார்டைப் பற்றியும் ஏதோ சொன்னார். எனக்குச் சரியாக நினைவில்லை என்றுதான் இதுவரை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அவர் விமானம் ஏறிய வாரமே வண்டியை எங்கள் ஷெட்டுக்கு ஓட்டிவந்தேன். திட்டம் என்று பெரிதாக எதுவும் இல்லை. அப்பாவின் கம்ப்ரசர் சும்மா கிடந்தது. மணல் பீய்ச்சும் துப்பாக்கி, ப்ரைமர், மூடி திறக்காத மஞ்சள் டப்பா எல்லாம் இருந்தன. வீணாக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான்.

வேலையைச் சுத்தமாகச் செய்தேன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. பானெட், கிரில், டேஷ்போர்டு, சக்கரங்கள் எல்லாவற்றையும் கழற்றி மணல் பீய்ச்சினேன். வெள்ளை இரும்பு வெளியே வந்தது. பழைய பெயிண்ட் மணலோடு மணலாகத் தரையில் கொட்டியது. குளிரில் ப்ரைமர் காயாது என்பதால் அப்பாவின் ஹீட்டரை ஏற்றிவைத்தேன். அவர் கை நடுங்கி நடுங்கி அடித்த மஞ்சளைவிட என்னுடையது சமமாக விழுந்தது. அது எனக்கு எரிச்சலாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

வலது மட்கார்டை மட்டும் மணல் பீய்ச்சவில்லை. அதைக் கையால் செய்தேன். அந்த மட்கார்டின் மேல்பக்கம் தட்டு அளவுக்குப் பெயிண்ட் தேய்ந்து, இரும்பு பளபளவென்று இருந்தது. வருஷக்கணக்காக ஒரு சின்ன உடம்பு உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்த இடம். அதன் ஓரத்தில் ஆணியால் கீறிய எழுத்துகள். கொரீன். கடைசி எழுத்து இடம் வலமாகத் திரும்பியிருந்தது. சிறுபிள்ளைகள் அப்படித்தான் எழுதும்.

வெர்லினின் மகள் கொரீனை உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது, பள்ளியிலிருந்து வரும்போது பனியில் கார் சறுக்கி அவள் செத்தபோது நான் பிறக்கவே இல்லை.

முதலில் முரட்டு உப்புத்தாள், அப்புறம் மெல்லியது. திரும்பியிருந்த அந்தக் கடைசி எழுத்திலிருந்து தொடங்கினேன். ஒரு சாயங்காலத்துக்கு ஓர் எழுத்து என்று வைத்துக்கொண்டேன். அவசரப்பட்டால் இரும்பில் பள்ளம் விழும். கீறல் ஆழமாக இருந்த இடத்தில் பட்டி வைத்து அடைத்தேன். பட்டி நல்ல பொருள். காய்ந்த பிறகு அங்கே ஏதாவது இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அவர் வீட்டு வாசல் பாதை அந்த ஜனவரியில் கண்ணாடியாக உறைந்திருந்தது. தபால்காரப் பெண் விழுந்துவிடுவேன் என்று புகார் சொன்னாள். ஷெட்டில் குவிந்திருந்த மணலை வாளி வாளியாகக் கொண்டுபோய் அங்கே தூவினேன். மட்கார்டின் தூளையும் பெருக்கி அதிலேயே கலந்திருந்தேன். பிடிமானம் நன்றாகவே இருந்தது.

ஏப்ரலில் அவர் திரும்பினார். நீங்கள் சிலர் அவரை வரவேற்க வந்திருந்தீர்கள். நான் வண்டியை வாசல் பாதையில் நிறுத்தியிருந்தேன். மஞ்சள் கண்ணைப் பறித்தது. காரிலிருந்து இறங்கி அவர் அங்கேயே நின்றார். புதுக் கைத்தடியை ஊன்றி வலது பக்கமாகப் போனார். மட்கார்டில் கையை வைத்தார். வழவழப்பில் கை சறுக்கியது. மறுபடி வைத்தார். மறுபடி சறுக்கியது. கண் தெரியாதவர் மாதிரி விரல்களால் ஓரத்தைத் தேடினார்.

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். அதற்காகத்தான் குளிர்காலம் முழுக்க உழைத்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

"சொரண்டின தூள் எங்க தம்பி?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

"இங்கதான். ஐஸுக்குத் தூவினேன். நீங்க நிக்கிற எடம்தான்" என்றேன்.

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். பனி உருகி, பாதி மணல் சாக்கடைக்கு ஓடிப்போயிருந்தது. பிறகு, புது இடுப்போடு, ஒவ்வொரு காலாக எடுத்து, பாதையை விட்டு ஓரத்துப் புல்லில் போய் நின்றுகொண்டார். அன்றிலிருந்து அவர் வீட்டுக்குள் போவதும் வருவதும் புல் வழியாகத்தான். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இத்தோடு நான் நிறுத்திக்கொண்டிருப்பேன். ஆனால் போன வாரம் ட்வேன் வந்து ஒரு விஷயம் சொன்னார். வெர்லின் என்மேல் கோபப்படவில்லையாம். தன்மேல்தான் கோபமாம்.

"பையன் என்ன பண்ணுவான், நான்தான் சொல்லாம விட்டிருக்கேன்னு சொல்றாருடா. சொன்ன மாதிரி ஞாபகமாம். ஆனா சொல்லியிருந்தா லைல் மகன் அப்படிச் செய்வானா, அப்ப எனக்குத்தான் புத்தி தடுமாறுதுன்னு ஒரே பேச்சு."

அவருடைய அம்மா கடைசியில் பெற்ற பிள்ளைகளின் பெயர்கூடத் தெரியாமல் செத்தாளாம். தனக்கும் அது தொடங்கிவிட்டது என்று வெர்லின் நம்புகிறார். பிக்கப் சாவியைத் தங்கைக்கு அனுப்பிவிட்டார். வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போக இடம் கேட்டிருக்கிறார். நடுவர் வேலை வேண்டாம் என்று உங்களிடம் சொல்லிவிட்டார்.

ட்வேன் நல்ல மனிதர். ஒரு வழியும் சொன்னார். இங்கே வந்து, தெரியாமல் நடந்த தவறு, மன்னித்துவிடுங்கள் என்று நான் சொன்னால் போதும். சங்கம் இதை மூடிவிடும். அடுத்த கோடையில் எல்லோரும் பழையபடி சாலட் சாப்பிடலாம்.

தவறு என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. எழுத்து எழுத்தாக ஒரு குளிர்காலத்தைச் செலவழித்தவன் நான். அதைக் கவனக்குறைவு என்று நீங்கள் எழுதிவைப்பது என்னை அவமானப்படுத்துவது.

எனவே சொல்கிறேன். வெர்லின் மறக்கவில்லை. அவர் மூளைக்கு ஒன்றும் இல்லை. என் முன்னால் நின்று, மட்கார்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அவர் சொன்னது இது. ஒரு வார்த்தை விடாமல் எனக்கு நினைவிருக்கிறது.

"இந்தப் பக்கம் மட்டும் துணி படக் கூடாது தம்பி. எண்ணெயும் வேணாம். கொரீன் இங்க உக்காந்துட்டுத்தான் புல்லு வெட்ட வருவா. அவ பேரு அவளே எழுதினது. அவ கைப்பட எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். லைலுக்குத் தெரியும். அதான் உன்கிட்ட குடுக்கறேன்."

கேட்டேன். தலையாட்டினேன். பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் அதைச் சொல்லியிருக்காவிட்டால், உண்மையைச் சொன்னால், எனக்கு எங்கே கை வைப்பது என்றே தெரிந்திருக்காது.

இதை அவரிடம் போய்ச் சொல்லுங்கள். வீட்டை விற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் போய்ச் சொன்னால் மன்னித்துவிடுவார். அதைத் தாங்கிக்கொள்ளும் அளவுக்கு எனக்குப் பொறுமை இல்லை.

வேறு ஒன்றும் இல்லை. அப்பாவின் டன்னிங் வெளியே டிரெய்லரில் நிற்கிறது. ட்வேன் வாங்கிக்கொள்கிறேன் என்றிருந்தார், அதனால் கொண்டுவந்தேன். சற்று முன் அவர் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, உள்பக்கம் பெயிண்ட் காய்வதற்குள் யாரோ கட்டைவிரலை வைத்துவிட்டார்கள், ரேகை அப்படியே பதிந்திருக்கிறது, பாலிஷ் போட்டு ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போய்விடும் என்றார். துணியை எடுத்து எச்சில்கூடத் தொட்டுவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் அழுத்திப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது. அதற்கு வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

விற்பதாக இல்லை ட்வேன். வண்டி மேல் எனக்கு ஒன்றும் கிடையாது, அது உங்களுக்கே தெரியும். வாரம் ஒருமுறை துடைக்கிறேன், அவ்வளவுதான். அந்த இடம் வரும்போது மட்டும் சுற்றித் துடைத்துக்கொண்டு போகிறேன். துணி கொஞ்சம் முரடு. அதனால்தான்.