தண்ணீர்ப் பக்கம்

அன்று காலை நான் செய்த முதல் காரியம், சேவியரின் சாப்பாட்டுப் பையில் பொத்தல் போட்டது. வெல்டிங் பொறி பறந்து விழுந்து, உள்ளே இருந்த சப்பாத்தி வரை கருகிவிட்டது.

"என் பொண்டாட்டி சுட்டத நீ ஏன்டா வாசு மறுபடி சுடுற?" என்றான். தேஹு ரோட்டில் பக்கத்து வீடு, ஒரே தொழில். சிரித்துக்கொண்டோம்.

1998, மே மாதம். கடக்வாஸ்லா ஏரியில் ஒரு படகுத்துறை. மழையும் ஈரக் காற்றும் அதன் இரும்பு மேடையில் கைப்பிடிக் கம்பிகளின் அடியைத் தின்றிருந்தன. துருவைச் சுரண்டிவிட்டு, ஒவ்வொரு கம்பியின் அடியிலும் சுற்றிலும் வெல்டிங் வைக்க வேண்டும். கரைப் பக்கம் உட்கார்ந்தபடியே வைத்துவிடலாம். தண்ணீர்ப் பக்கம் என்றால் குப்புறப் படுத்து, பாதி உடம்பை வெளியே தொங்கவிட வேண்டும். தண்ணீர் என்பது பெயருக்குத்தான். கோடையில் ஏரி உள்வாங்கி, கீழே வெறும் பாறை.

எனக்கு உயரம் ஆகாது. மூன்றாவது மாடியில் விருந்து என்றால் வாசலிலேயே வயிறு நிறைந்துவிடும். ஆகவே சேவியர் டீ வாங்கப் போன நேரத்தில், கடைசிக் கம்பிகளுக்குத் தண்ணீர்ப் பக்கம் வெல்டிங் வைக்காமல் ஓட்டை அடைக்கும் பட்டிப் பசையை அப்பி, சில்வர் பெயிண்ட் அடித்தேன். படகில் வருகிறவன்தான் அதைப் பார்க்க முடியும். அவன் இயற்கையைப் பார்க்க வந்தவன்.

மத்தியானம் மேற்பார்வையாளர் வந்து, முடிந்ததா என்று மராத்தியில், "ஜாலா கா?" என்றார்.

"ஜாலா, சாஹேப்" என்றேன். முடிந்துதான் இருந்தது, ஒரு பக்கம்.

அவருக்குப் பின்னால் சேவியர், கருகாத சப்பாத்தி ஒன்றைத் தின்றபடி நான் பட்டி அப்பிய கம்பியில் போய்ச் சாய்ந்தான். நான் பார்த்தேன். எச்சரித்தால் விஷயம் வெளியே வந்துவிடும். மேற்பார்வையாளர் நல்ல மனிதர், அவர் நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. சேவியர் சிரித்தால் முன்னால் குனிந்து தொடையில் தட்டுவான். அதை நம்பி ஒரு வேடிக்கை சொன்னேன்.

"சாஹேப், இவன் பெண்டாட்டி போடும் சப்பாத்தியை வைத்தே இந்தத் துறையைக் கட்டியிருக்கலாம். துருவும் பிடிக்காது, மழைக்கும் அசையாது."

அன்று அவன் பின்னால் சாய்ந்து சிரித்தான்.

போலீஸிடம் ஏரிக் காற்று என்றேன். காற்றை யாரும் கோர்ட்டுக்கு இழுப்பதில்லை. அதற்குப் பிறகு சேவியரின் மனைவி மரியம்மாளுக்கு காஸ் சிலிண்டர் தூக்கி வருவது நான்தான். மனசாட்சிக்கு அந்த எடை போதுமானதாக இருந்தது, போன ஞாயிற்றுக்கிழமை வரை. அன்று சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு, பட்டி, பெயிண்ட், வேடிக்கை, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

"என் ஜோக்குதான் அவனக் கொன்னுடுச்சும்மா" என்றேன். அவள் இல்லை என்பாள் என்று ஒரு நப்பாசை.

ஆணியில் சேவியரின் அந்தச் சாப்பாட்டுப் பை தொங்கியது. பொத்தலை ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தாள்.

"ஜோக்கு இல்லண்ணே" என்றாள். "என் சப்பாத்தியப் பத்தி அவ்ளோ நீளமாப் பேசுன வாய்க்கு, 'சாயாதடா'ன்னு ஒத்த வார்த்தை வரல. நீங்கதான் கொன்னீங்க."