கூடை எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்

மேடையில் இருக்கும் ஆயர் ஐயா அவர்களே, சபைக்குழுச் செயலாளர் தம்பி வல்லரசு அவர்களே, கீழ்பென்னாத்தூரிலிருந்து வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் உறவுகளே, வேங்கிக்காலில் ராணியம்மாள் கடை இட்லியைச் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போன நல்லவர்களே, எல்லோருக்கும் என் ஸ்தோத்திரம். விபூதிப் பட்டையோடு கடைசியில் நிற்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். முன்னால் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, வந்து உட்காருங்கள்.

நானும் ராணியும் ஐந்தாவது வரை ஒரே பெஞ்சு. எங்களுக்குள் 'வாடி போடி'தான். ஆனால் இது மேடை. சபை மூப்பர் ராணியம்மாள் அவர்கள் என்றுதான் சொல்வேன். அந்தப் பட்டம் அவருக்குத் தகாதா? அவரைவிடத் தகுந்தவர் யார்?

நம் ஆராதனையில் என்னென்ன உண்டு? பாட்டு உண்டு, வேத வாசிப்பு உண்டு, பிரசங்கம் உண்டு, ஜெபம் உண்டு. இதெல்லாம் எந்த ஊர்ச் சபையிலும் உண்டு. வேத வாசிப்பு முடிந்ததும் ஒரு பொம்பளை எழுந்து நின்று கேள்வி கேட்பது எந்த ஊரில் உண்டு? நம் சபையில் உண்டு! 'ராணியம்மா நேரம்' என்று பிள்ளைகள் பேரே வைத்துவிட்டார்கள். இனி அந்த நேரம் வேண்டுமா வேண்டாமா என்று குழு கூடி முடிவெடுக்கப் போகிறதாம். "அந்தம்மாவோட அதுவும் முடிஞ்சுதுங்க" என்று கேட்டுக்குப் பக்கத்தில் தம்பி வல்லரசு என்னிடம் சொன்னார். அதனால்தான் இந்த மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

ஆயர் ஐயா இந்த ஊருக்கு வந்த புதிது. ஐந்து அப்பமும் இரண்டு மீனும் ஐயாயிரம் பேருக்குப் பெருகிய கதையை வாசித்து முடித்தார். ராணியம்மாள் எழுந்தார்.

"ஐயா, பன்னண்டு கூடை மிச்சம்னு படிச்சீங்களே, அந்தக் கூடைங்க எங்கேர்ந்து வந்துச்சு?"

"ஏம்மா?"

"வனாந்தரம்ன்றீங்க. பொழுது சாஞ்சிடுச்சு, கடைகண்ணி இல்லன்றீங்க. சோத்துக்கே வழியில்லாத சனம் கூடைய மட்டும் தூக்கினு வந்துச்சா? பௌர்ணமிக்கு நம்மூர்ல அன்னதானம் போட்டுப் பாருங்க. சோறு ஆயிடும். அள்ளி வெக்கத்தான் பாத்திரம் ஆப்புடாது."

ஆம்பிள்ளைகள் பக்கம் ஒரே சிரிப்பு! ஆயர் ஐயா மட்டும் சிரிக்கவில்லை. "தெரியலையேம்மா. வர்ற ஞாயித்துக்கெழம பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்றார்.

தெரியலை என்று ஓர் ஆயர் சொல்லி அதற்கு முன் நாம் கேட்டதுண்டா? அந்த வாரம் முழுக்க ஊரில் அதே பேச்சு. மீன்காரர்களுடைய கூடை என்றார் ஒருவர். காய் விற்க வந்தவர்கள் விட்டுப்போனது என்றார் இன்னொருவர். கோயில் குருக்கள் வீட்டுக் கனகாம்பாள்கூடப் பால் பூத்தில் என்னைப் பிடித்து, "உங்க கூடை என்ன ஆச்சு?" என்று கேட்டார். அடுத்த ஞாயிறு நம் சபையில் உட்கார இடமில்லை. ஆயர் ஐயா நான்கு பதில் கொண்டுவந்தார். நான்கையும் கேட்டுவிட்டு, "இருக்கலாம் ஐயா" என்றார் ராணியம்மாள். ஒப்புக்கொண்ட குரலா அது?

போன வருஷம் நம் ஆராதனை யூடியூபில் லைவாகப் போக ஆரம்பித்தது. தம்பி வல்லரசு வந்தார். "அக்கா, நடுவுல எழுந்து நிக்காதீங்க. வெளிநாட்டுலேர்ந்தெல்லாம் பாக்கறாங்க. ஆராதனைக்குன்னு ஒரு முறை இருக்குது."

"நான் கடவுள்கிட்ட கேக்கறேன் தம்பி. நீ ஏன் கேமராவப் பாக்கற?"

வாய்தான் அப்படி. மறு வாரத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தார். ஆராதனை சீக்கிரம் முடிந்தது. கீபோர்டு வாசிப்பது என் பேத்தி மணிமொழி, ஒரு சுரம் பிசகாது. அவளே கொட்டாவி விட்டாள்!

பிறகு ஒரு ஞாயிறு. ஆயர் ஐயா வாசித்து முடித்தார். அடுத்த பாட்டுக்குப் போகவில்லை. பெண்கள் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றார். லைவ் ஓடுகிறது, தம்பி கை காட்டுகிறார். ஆயர் அசையவில்லை.

"ராணியம்மா, கேளுங்க. நீங்க கேப்பீங்கன்னு நெனச்சுத்தான் நான் வாரம் பூரா படிக்கிறேன்."

முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: "கேமராவ அந்தாண்ட திருப்பச் சொல்லுங்க ஐயா."

சபையே சிரித்தது. தம்பி வல்லரசும் சிரித்தார். இல்லையென்று சொல்லட்டும் பார்ப்போம்!

கேள்வி கேட்பது விசுவாசக் குறைவா? நம்பாதவன் எதற்குக் கேட்கிறான்? பதில் சொல்ல ஆள் இருக்கிறார் என்று நம்புகிறவன்தானே கேட்பான்! ஆகவே பெரியவர்களே, குழு என்ன முடிவு எடுத்தாலும் சரி, ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் இனி நான் எழுந்து நிற்பேன். என் கால் ஓய்ந்தால் மணிமொழி நிற்பாள். அவளுக்குப் பின்னால் நம் பெண்கள் சங்கமே நிற்கும்.

அதை இன்றே தொடங்குகிறேன். கொஞ்ச நேரத்துக்கு முன் லாசருவின் கதையை வாசித்தோம். செத்து நாலு நாள் ஆனவன் கல்லறையை விட்டு எழுந்து வந்தான், அக்கா தங்கச்சி இரண்டு பேரும் சந்தோஷப்பட்டார்கள். வாசித்த கையோடு பாட்டு நம்பரைச் சொல்லிவிட்டார்கள்.

ஆயர் ஐயா, அந்த லாசரு பிறகு ஒரு நாள் திரும்பவும் செத்துத்தானே இருப்பான்? அந்த இரண்டாவது சாவுக்கு அவர்கள் எப்படி அழுதிருப்பார்கள்? ஒரு தடவை அழுதாயிற்றே என்று கம்மியாக அழுதார்களா? இல்லை, இந்தத் தடவையும் எழுந்து வந்துவிடுவான் என்று வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களா?

தெரியலை என்றாலும் சொல்லுங்கள் ஐயா, நிற்கிறேன். அவள் போய் இன்றோடு நாலு நாள்.