கோயில் வாசல் வரைக்கும்

மிர்ரினே: மெதுவா போய்யா... அலையில படகு தூக்கிப் போடற மாதிரி போடறே!

லைகோன்: துடுப்பு ரெண்டையும் கட்டில்ல கட்டினா, கட்டிலும் படகுதான்டி.

மிர்ரினே: இதுக்குப் பேரு போரெயோனாம்! மீன்காரன் பெண்டாட்டிக்குப் பல்லக்கு கேக்குதான்னு ஊரே சிரிச்சுது.

லைகோன்: சிரிக்கட்டும். நோய் தீர்க்கற அஸ்க்லேப்பியோஸ் சாமி கோயில்ல ஒரு ராத்திரி படுத்து எழுந்தா, நடந்தே திரும்பி வருவே. நீ ரத்தம் துப்பின அன்னைக்கே தூக்கிட்டு வந்திருக்கணும்... சூரை மீன் ஓடுதுன்னு கடலுக்குப் போனேனே, என்னைச் செருப்பால...

மிர்ரினே: ஆரம்பிச்சிட்டியா? உங்கம்மா செத்தப்பவும் இதே பாட்டுதான். பத்து வருஷமா ஓயல.

தியோன்: மாமா... கொஞ்சம் இறக்குவோம். அக்காவுக்கு மூச்சு...

மிர்ரினே: மூச்சுக்கு ஒண்ணுமில்லடா, தாகம்தான். யோவ், அந்த ஊத்துல தண்ணி மோந்துட்டு வாயேன்.

லைகோன்: இதோ... அக்காவைப் பாத்துக்க மச்சான்.

மிர்ரினே: போயாச்சா உன் மாமா? என் மடியில முசுக்கட்டைப் பழம் இருக்கு. நசுக்கி ரெண்டு கன்னத்துலயும் தேய். சீக்கிரம்!

தியோன்: வேணாம்க்கா. மாமாகிட்ட சொல்லிடுவோம்...

மிர்ரினே: வாயைத் திறந்தே, கொன்னுடுவேன். அந்தக் கோயில் தோப்புக்குள்ள சாவு விழக்கூடாதுடா. சாகப் போறவள்னு தெரிஞ்சா வாசல்லயே திருப்பிடுவாங்க. உதட்டுலயும் தேய்... அழாதே, உன் கண்ணீர் பட்டுக் கலைஞ்சுடும்.

லைகோன்: இந்தா, குடி... அட! முகத்துல ரத்தம் ஓடுதே! மச்சான், பாத்தியா? சாமி பாதி வழிக்கே வந்துட்டாரு!

தியோன்: ...ஆமா மாமா.

லைகோன்: தூக்கு, தூக்கு! அதோ தோப்பு தெரியுது.

காவலன்: நில்லுங்க. யாருக்கு உடம்பு? எந்திரிச்சு உக்கார முடியுமாம்மா?

மிர்ரினே: உக்கார என்ன... ஆடவும் செய்வேன். நீங்க பாடுங்க.

காவலன்: நல்ல வாய்தான்! சரி, உள்ளே கொண்டு போங்க.

லைகோன்: கேட்டியாடி? விட்டுட்டாங்க! மச்சான், வலது காலை எடுத்து வை...

மிர்ரினே: இரு. இங்கேயே இறக்கு.

லைகோன்: ஏன்டி? வாசல் திறந்திருக்கு!

தியோன்: இறக்கிடு மாமா... அக்கா கன்னத்துச் சிவப்பு ரத்தம் இல்ல. பழச்சாறு.

லைகோன்: என்னடா சொல்றே? அப்ப... அப்ப எதுக்குடி இவ்வளவு தூரம்?

மிர்ரினே: இன்னிக்கு ராத்திரி தாண்ட மாட்டேன்யா. சாமி இடத்துல செத்துத் தீட்டாக்க எனக்கு மனசில்ல. வீட்டுலயே செத்திருந்தா, கோயிலுக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா பொழைச்சிருப்பாளேன்னு அழுவே. இந்தக் காவல்காரரு திருப்பி விட்டிருந்தா, முன்னாடியே கிளம்பியிருக்கலாமேன்னு தலையில அடிச்சுப்பே. நீ சரியாத்தான்யா கொண்டுவந்து சேத்தே. அவங்களும் உள்ளே விட்டாங்க. உள்ளே போகாதது நான்தான். வா, பக்கத்துல உக்காரு... அழு, பரவாயில்ல. உன்னைத் திட்டிக்காம அழு.