உள்ளங்கை அளவு

காலையில் முதல் வேலை வாத்துக் கூண்டைத் திறப்பது. பிறகு கிணற்றிலிருந்து இரண்டு வாளித் தண்ணீர். அடுப்பை மூட்டி வெந்நீர் வைப்பேன். அம்மாவின் அறை வாசலில் நின்று, இரவு நன்றாகத் தூங்கினாளா என்று கேட்பேன். தூங்கினேன் என்பாள். முன்னோர் பெயர்ப்பலகைகளுக்கு முன் ஊதுவத்தி ஏற்றிவிட்டு, முந்தின நாள் கஞ்சியைக் கொதிக்க வைப்பேன். தொட்டுக்கொள்ள உப்பில் ஊறிய கடுகுக்கீரை. இவையெல்லாம் என் மனைவி சிங்னியாங் செய்துவந்த வேலைகள். அவள் போய் நாற்பத்தொன்பது நாளாகிறது. எதுவும் கடினமில்லை. வாத்துகள் மட்டும் என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகின்றன.

நான் நடந்துகொண்டே பேசுகிறேன், அதிகாரி ஐயா. உட்கார்ந்தால் முழங்கால் தானாக ஆடுகிறது. உங்கள் எழுத்தர் என்னைப் பார்க்க வேண்டாம். தாளைப் பார்த்து எழுதினால் போதும்.

வாசலில் கேட்பது அம்மாவின் குரல். சிங்னியாங்கின் பெயரில் அரசு தந்த கௌரவப் பலகையை மாட்ட வந்த தச்சர்களை விரட்டிக்கொண்டிருக்கிறாள். "இடது பக்கம் இறங்கியிருக்கு பாரு. என் மருமக பேரு கோணலாத் தொங்கக் கூடாது." பலகையில் ஸுங் அரசின் முத்திரை இருக்கிறது. இந்த மிங்சௌ நகரத்தில் எங்கள் தெருவுக்கு இதுவே முதல் பலகை. அவள் சந்தோஷப்படுவதில் தவறில்லை.

கல்வெட்டில் பொறிப்பதற்காகச் சிங்னியாங்கின் கடைசி வார்த்தைகளைக் கேட்டீர்கள். அரசுக்கு நான் கொடுத்த மனுவின் பின்னிணைப்பில் இருக்கிறதே என்றேன். "மனுவுல இருக்கிறது உங்க நடை, லோ. அந்தப் பொண்ணு நிஜமா என்ன சொல்லுச்சோ அதைச் சொல்லுங்க. கல்லு முந்நூறு வருஷம் நிக்கும்" என்றீர்கள். 'இந்த அற்ப உடல் அத்தையின் ஒரு நாள் ஆயுளுக்கு ஈடாகாது' என்று சொல்லி மேற்கு நோக்கி வணங்கிக் கண்மூடியதாக நான் எழுதியிருந்தேன். நல்ல வாக்கியம்தான். ஆனால் அது நான் எழுதியது.

மனுவில் பெரும்பகுதி உண்மை. பிழை உள்ள இடங்களை வரிசையாகச் சொல்கிறேன். தச்சர்கள் இன்னும் ஆணி அடிக்கத் தொடங்கவில்லை.

புத்தாண்டு முடிந்ததும் அம்மா இருமலில் விழுந்தாள். துணியில் ரத்தம் வந்தது. வைத்தியர் இரண்டு முறை மருந்தை மாற்றினார், பிறகு வருவதை நிறுத்தினார். மருந்து கேட்காத பெற்றோருக்குப் பிள்ளை தன் தொடைச் சதையை அரிந்து கஞ்சியில் போட்டுக் கொடுப்பது எங்கள் பக்கம் புதிதல்ல. தெரு என்னைப் பார்க்க ஆரம்பித்தது. தெருத் தலைவர் கூ பாலத்தில் என்னை நிறுத்தினார். "தம்பி, படிச்ச வீடு. அம்மா இப்படிக் கிடக்கிறாங்க. வீட்டுல கத்தி இருக்கா, இல்ல நான் குடுத்தனுப்பட்டுமா?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

நான் யோசிக்காமல் இல்லை. என் உடம்பு அம்மா கொடுத்தது. அதில் கத்தி வைத்தால் அவள் கொடுத்ததை நான் கெடுத்ததாகும். ஒரு குறையைத் தீர்க்க இன்னொரு குறை செய்வது படித்தவன் வேலையல்ல. மருமகளின் உடம்பு அப்படியல்ல. அதை அம்மா கொடுக்கவில்லை. இதைச் சிங்னியாங்கிடம் நிதானமாக விளக்கினேன். அவள் கெடாமல் எடுத்துவைக்க வாத்து முட்டைகளுக்குக் களிமண் பூசிக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்: "என் உடம்பை எங்கம்மா குடுத்தாங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்காங்க. போய் அவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்களேன்."

அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான். சாயக்காரர் வீட்டுப் பெண். அதன்பின் ஒவ்வொரு சாப்பாட்டின்போதும், முற்காலத்து நல்ல மருமகள்களின் கதைகளில் ஒன்றை வாசித்துக் காட்டினேன். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் தீட்டிய கத்தியை அரிசிப் பானையின் மேல் வைத்துவிட்டு, அரசுப் பரீட்சைக்குப் படிக்கும் பள்ளிக்குப் போனேன். திரும்பியபோது கஞ்சி ஆகியிருந்தது. அவள் நொண்டியபடி வந்து கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். "உப்புப் போதுமான்னு அத்தையைக் கேளுங்க" என்றாள்.

அவளாக முன்வந்தாள் என்று மனுவில் எழுதினேன். கத்தியைப் பற்றி எழுதவில்லை. இது முதல் பிழை, சிறியது.

நான்காம் மாதம் அது. ஐந்தாம் மாதப் படகுப் போட்டி வருவதற்குள் அம்மா எழுந்து உட்கார்ந்தாள். வைத்தியர் கடைசியாக மாற்றிக் கொடுத்த மூன்றாவது மருந்தையும் அம்மா அந்த வாரம்தான் குடித்து முடித்தாள். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மனு எழுதியது நான்தான். பரீட்சையில் இருமுறை தவறியவன் நான். பலகை உள்ள வீட்டு மகனை ஆளுநர் பரீட்சையில்லாமலே பதவிக்குப் பரிந்துரைக்கலாம். பள்ளிக் கிடங்கிலிருந்த பழைய மனுக்களின் படிகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 'உள்ளங்கை அளவுச் சதை' என்றே இருந்தது. சிங்னியாங் அரிந்தது ஒரு தாமரை விதை அளவு. அப்படி எழுதினால் வாசிப்பவருக்குச் சிரிப்பு வரும். நானும் உள்ளங்கை அளவு என்று எழுதினேன். யாருடைய உள்ளங்கை என்று எழுதவில்லை. யாரும் எழுதுவதில்லை.

இரண்டாவது பிழை இது. எனக்கு அப்போது இது பிழையாகத் தெரியவில்லை. மரபாகத்தான் தெரிந்தது.

எட்டாம் மாதக் கடைசியில் உங்கள் கடிதம் வந்தது. அடுத்த மாதம் நேரில் வந்து சரிபார்ப்பதாக, ஒரு மருத்துவச்சி காயத்தை அளப்பாள் என்று. கூ காரணம் சொன்னார். கிழக்குத் தெருவில் ஒருவன் பன்றித் தொடையை அரிந்து போட்டுவிட்டுத் தன் தொடை என்று மனு கொடுத்திருக்கிறான். "அவங்கம்மா பிழைச்சுட்டாங்க தம்பி. பலகையைப் பன்னிக் கொட்டகையில மாட்டச் சொல்லி உத்தரவாம்." பொய் மனு என்றால் பிரம்படி, ஆயுள் முழுதும் பரீட்சைத் தடை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அன்று படித்துறையில் சிங்னியாங் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தழும்பைக் காட்டச் சொன்னேன். காட்டினாள். சுண்டு விரல் நகம் அளவு. "ஆறிடுச்சு. வலியும் இல்ல" என்றாள். நான் நலம் விசாரிப்பதாக நினைத்துக்கொண்டாள். முகம் கொஞ்சம் மலர்ந்தது.

அதன்பின் எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மேசைக்கும் வாசலுக்கும் நடந்தேன். மதிலோரம் நடந்தேன். மை அரைக்கும் கல்லைக் கழுவினேன், மறுபடி கழுவினேன். மனுவில் ஒரு சொல்லை அடித்தால் போதும். ஆனால் அது ஏற்கெனவே முத்திரை வாங்கிவிட்டது. முத்திரை விழுந்த தாளில் கை வைக்கக் கூடாது. எழுதியதும் இருப்பதும் ஒத்துப்போகாதபோது இரண்டில் ஒன்றைத் திருத்த வேண்டும். தாளைத் திருத்த வழியில்லை.

மறுநாள் காலை அம்மா இருமினாள். இரண்டு முறை. நான் எண்ணினேன். நோய் திரும்பியது என்று, சிங்னியாங் இறந்த பின் மனுவோடு சேர்த்த பின்னிணைப்பில் எழுதியிருப்பது இதைத்தான். அதில் பொய் இல்லை.

அம்மாவைக் குன்றின் மேலுள்ள கோயிலுக்கு அனுப்பினேன், அவள் உடல்நலத்துக்காக வேண்டிக்கொண்டு வரச் சொல்லி. இருநூற்றுப் பத்துப் படி. ஊன்றுகோலை நீட்டினேன். எதற்கு என்று கேட்டுவிட்டு, இல்லாமலே போனாள். வழியில் சிப்பி விற்பவனிடம் விலைக்குச் சண்டை போட்ட சத்தம் பாலம் வரைக்கும் கேட்டது.

கதவைச் சாத்திவிட்டுச் சிங்னியாங்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கவில்லை. அம்மாவின் இருமல், மருத்துவச்சி, பிரம்படி, தடை. என்னிடமிருந்த மனுவின் படியை எடுத்து அந்த வரியையும் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அவள் முழுதும் கேட்டாள். பிறகு ஒன்று கேட்டாள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவளைக் கட்டிப்போடவில்லை. கட்டினால் அது சம்மதமாகாது. கதவுக்கும் அவளுக்கும் நடுவில் நான் நின்றிருந்தேன், அவ்வளவுதான். கடித்துக்கொள்ளத் துணியை மடித்துக் கொடுத்தேன், வைத்தியர்கள் செய்வது போல. தொடையில் என் கையை விரித்து வைத்து, தூரிகையால் சுற்றிலும் கோடு போட்டேன். அளவு தவறக் கூடாது. பல வருட எழுத்துப் பயிற்சியால் எனக்குக் கை நடுங்காது. கத்தி பிடித்தபோதும் நடுங்கவில்லை. பின்னிணைப்பில் அவளே அரிந்தாள் என்றிருக்கிறது. அது மூன்றாவது பிழை.

கஞ்சியை நான் காய்ச்சினேன். இஞ்சி நிறையப் போட்டேன். அம்மா திரும்பி வந்து பசியில்லை என்றாள். கோயிலில் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். காலையில் கஞ்சியை வாத்துகளுக்கு ஊற்றினேன்.

இரண்டாம் நாள் காய்ச்சல். நான்காம் நாள் ஆற்றுக்கு அப்பாலிருந்து அவள் தாய் வந்தாள். சாயத்தால் முழங்கை வரை நீலமான கைகள். என்னடி ஆச்சு, என்னடி ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சிங்னியாங் பேசவில்லை. அந்தம்மா காயக்கட்டின் மேல் தன் கையை வைத்து மூடப் பார்த்தாள். போதவில்லை. இரண்டு கைகளையும் வைத்தாள். நான் வெளியே போய்க் கிணற்றைச் சுற்றி நடந்தேன்.

ஒன்பது நாள் உயிரோடு இருந்தாள். என்னிடமும் பேசவில்லை, அம்மாவிடமும் பேசவில்லை. சவப்பெட்டியை மூடுவதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள். மருத்துவச்சி மூங்கில் அளவுகோலை வைத்துப் பார்த்து, மனுவோடு பொருந்துகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்றிரவு மாதக்கணக்கில் முதல்முறையாக நன்றாகத் தூங்கினேன். அதற்குப் பிறகு தூங்கவில்லை.

ஆணி அடிக்கும் சத்தம் கேட்கிறது. பலகையைப் பற்றி நீங்கள் முடிவு செய்யுங்கள். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. அவள் அந்த இரண்டாம் கஞ்சியைத் தொடவேயில்லை என்பதை மட்டும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

நான் கேட்பது ஒன்றே. அவள் சம்மதித்தாள் என்று எழுதியது பிழையல்ல, அந்த வரியை அடிக்க வேண்டாம். மறுப்பவள் கத்துவாள், ஓடப் பார்ப்பாள். சிங்னியாங் வாசித்ததைக் கேட்டாள், புரிந்துகொண்டாள், அளவைத் தெளிவாக்கச் சொன்னாள். நாற்பத்தொன்பது நாளாக யோசித்தும் எனக்கு அதில் வேறு பொருள் தெரியவில்லை. அவளுக்கு நான் வாயால் பதில் சொல்லவில்லை. மனுவை எழுதியது என் கை, அதனால் என் கையை வைத்துக் கோடு போட்டேன்.

எழுத்தரைத் தயாராக இருக்கச் சொல்லுங்கள். மெருகேற்ற வேண்டாம். மனுவின் படியைப் பிடித்திருந்த என் கையை அவள் ஒருமுறை பார்த்தாள். பிறகு தன் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"உங்க உள்ளங்கையா, என் உள்ளங்கையா?"